60 கெஜம் – ஈஸ்ட் ஹாம்ல இருந்து லிட்டில்பரோ வரைக்கும்

முதல் நாள் – வுட் லேன்

வந்து நாலு நாள் ஆச்சு, தம்பி வீட்டு கிச்சன்ல தோசை ஊத்திட்டு இருக்கறதுக்கு கோயமுத்தூர்லயே இருந்திருக்கலாமேன்னு தோணுச்சு, அதான் இன்னைக்கு காலையில தம்பி மகளை இழுத்துட்டு கிளம்பிட்டேன். டவர் பாக்கணும் லண்டன் ஐ பாக்கணும்னு நினைச்சுட்டு கிளம்பினவகிட்ட "வுட் லேன் ஸ்டேஷன் போகணும் கண்ணு"ன்னு சொன்னதும் "அத்தை, அங்க மால் தானே இருக்கு"ன்னு கேட்டா. மாலுக்கு இல்ல, ஒரு அம்மாவைத் தேடிப் போறோம்னேன்.

கதை சொல்லிடறேன். என் பொண்ணு ஸ்கூல்ல ஆர்ச்சரி பண்றா, இந்தியன் ரவுண்டுன்னு மூங்கில் வில்லுல. அவளைக் கொண்டு போய் விட்டுட்டு ரெண்டு மணி நேரம் வெயில்ல உக்காந்து போன் நோண்டிட்டு இருந்தேன், ஒரு நாள் கோச் வந்து "சும்மா தானே மேடம் உக்காந்திருக்கீங்க, நீங்களும் நாலு அம்பு விடுங்களேன்"னு ஒரு வில்லைக் கையில குடுத்துட்டார். அப்போ எனக்கு 49, இப்போ 51. சொந்தக்காரங்க எல்லாம் "இந்த வயசுல வில்லு எதுக்கு, எந்த யுத்தத்துக்குப் போறே"ன்னு கேக்கறாங்க. போன வருஷம் ஒரு லோக்கல் போட்டியில 45 வயசுக்கு மேல உள்ள பிரிவுல எனக்கு வெண்கலம் கிடைச்சுது. ஷோகேஸ்ல வெச்சிருக்கேன். மொத்தம் எத்தனை பேர் வந்தாங்கன்னு யாராச்சும் கேட்டா மட்டும் காபி போடட்டுமான்னு எந்திரிச்சுடுவேன், ஏன்னா வந்ததே மூணு பேரு.

அன்னைக்கு கோச் சொன்னது தான் இந்த அம்மா பேரு. 1908 லண்டன் ஒலிம்பிக்ல பொண்ணுங்க வில்வித்தையில தங்கம் வாங்கினவங்க, சிபில் ஃபென்டன் நியூவால், எல்லாரும் கூப்பிடறது க்வீனி. ஜெயிச்ச அன்னைக்கு வயசு 53, கூட 275 நாள். அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் அந்த வயசுல எந்தப் பொம்பளையும் ஒலிம்பிக் தங்கம் வாங்கினதில்ல.

ஈஸ்ட் ஹாம்ல பிங்க் கலர் லைன்ல ஏறினா மாறவே வேணாம், நேரா வுட் லேன்ல இறங்கலாம். இறங்கினா எங்க பாத்தாலும் கண்ணாடி பில்டிங், கையில காபி கப்போட ஆபீஸ் ஆளுங்க. ஒயிட் சிட்டி ஸ்டேடியம் இருந்த இடம் தான் இது, 68,000 பேர் உக்கார்ற மாதிரி கட்டினது, 1985-ல இடிச்சுட்டாங்க, அப்புறம் பிபிசி ஆபீஸ் வந்துச்சு. ஸ்டேடியம் இருந்ததுக்கு அடையாளமா பழைய ஓட்டப்பந்தயம் முடியற கோடு இருந்த இடத்தைக் குறிச்சு வெச்சிருக்காங்க, பக்கத்துல 1908-ல எந்தெந்த நாடு எத்தனை மெடல் வாங்குச்சுன்னு ஒரு பட்டியல். பிரிட்டனுக்கு 56 தங்கம். நான் அந்த 56-ங்கற நம்பரை போட்டோ எடுத்துக்கிட்டேன். ஆள் பேரு எதுவும் இல்லையே அத்தைன்னா பாப்பா. அந்த 56-ல ஒண்ணு அந்தம்மாவோடது, போதும் போன்னேன்.

நடுவுல புல்தரை, சுத்தி ஓடற டிராக், அதைச் சுத்தி சைக்கிள் டிராக், புல்தரையிலயே நீச்சல் குளம் வேற வெட்டி வெச்சிருந்தாங்க, 100 மீட்டர் நீளத்துக்கு. இத்தனைக்கும் நடுவுல தான் 25 பொம்பளைங்க தரை வரைக்கும் பாவாடையும் தலையில பெரிய தொப்பியுமா வரிசையா நின்னு அம்பு விட்டிருக்காங்க. அந்த ஒலிம்பிக்ல கலந்துக்கிட்ட ரெண்டாயிரம் சொச்சம் பேர்ல பொம்பளைங்க 37 தான், அதுல 25 வில்லுக்காரங்கன்னா பாத்துக்கோங்க. அந்த 25 பேரும் பிரிட்டிஷ்காரங்க, வேற நாட்டுல இருந்து ஒருத்தர் கூட வரல.

ஜூலை 17, 18 ரெண்டு நாள் போட்டி. அந்த வருஷ ஒலிம்பிக்கே மழையில ஊறினது தான். முதல் நாள் முடிஞ்சப்ப முன்னாடி இருந்தது லாட்டி டாட். இவங்க யாருன்னு தெரிஞ்சா பயம் வரும், 15 வயசுல விம்பிள்டன் ஜெயிச்சு மொத்தம் அஞ்சு தடவை அதே பட்டம், 1904-ல பெண்கள் கோல்ஃப் சாம்பியன், நடுவுல இங்கிலாந்துக்காக ஹாக்கி. வயசு 36. இப்படி ஒரு ஆளு முன்னாடி போயிட்டு இருக்கறப்ப பின்னாடி 53 வயசுல ஒரு அம்மா நிக்கறாங்க, மறுநாள் வந்து மொத்தம் 688 பாயின்ட். டாட் 642. மூணாவது அயர்லாந்துக்காரங்க பியாட்ரிஸ் ஹில்-லோ, 618, அப்போ அயர்லாந்தும் பிரிட்டனோட தான் இருந்துச்சு.

மழை லேசா தூற ஆரம்பிச்சுது, மாலுக்குள்ள போயிட்டோம். பாப்பாவுக்கும் அது தான் வேணும்.

இரண்டாம் நாள் – கை வீங்கின கதை

காலையில ரீஜன்ட்ஸ் பார்க். இங்க ஒரு பழைய வில்வித்தை சங்கம் இருந்துச்சு, ராயல் டாக்ஸோஃபிலைட் சொசைட்டி, 1781-ல ஆரம்பிச்சது, 1830கள்ல இருந்து 1922 வரைக்கும் இந்தப் பார்க்குக்குள்ளயே அவங்களுக்கு மைதானம். இப்போ ரோஜாத்தோட்டமும் ஐஸ்கிரீம் வண்டியும் தான். பணக்காரங்க விளையாட்டுங்க அது, அதுல சந்தேகமே வேணாம். வேல்ஸ் பக்கம் ராயல் பிரிட்டிஷ் போமென்னு ஒரு கிளப் 1787-லயே பொம்பளைங்களை மெம்பரா சேத்திருக்கு, பெருந்தன்மைன்னு நினைச்சுடாதீங்க, ஓட வேணாம் வேர்க்க வேணாம், நின்ன இடத்துல நிக்கலாம், டிரெஸ் அழகா தெரியும், கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பாக்கவும் தோது. ஆனா கையில வில்லு வந்துட்டா அப்புறம் கணக்கு வேற. 1844-ல யார்க்ல கிராண்ட் நேஷனல்னு தேசியப் போட்டி ஆரம்பிச்சாங்க, அடுத்த வருஷமே பொம்பளைங்களும் வந்துட்டாங்க.

மத்தியானம் பாப்பா ஒரு சர்ப்ரைஸ் வெச்சிருந்தா. ஊருக்கு வெளிய ஒரு கிளப்ல லாங்போ, அதாவது அந்தக் காலத்து மர வில்லு, ஒரு மணி நேரம் சொல்லிக் குடுப்பாங்க, காசு கட்டி புக் பண்ணிட்டா. சொல்லிக் குடுத்தவங்க எழுபது வயசு இருக்கும் ஒரு பாட்டி, என் பேரை நாலு தடவை கேட்டு நாலு தடவையும் தப்பா சொன்னாங்க, நல்ல மனுஷி.

எனக்குப் பழக்கம் உண்டுன்னு ஒரு திமிரு. மூங்கில் வில்லு இழுத்தவ தானேன்னு நாண் அடிக்காம கையில கட்டற ஆர்ம் கார்டை சரியா இறுக்கிக் கட்டல. ரெண்டாவது அம்புல நாண் வந்து முழங்கைக்குக் கீழ உள்பக்கம் அடிச்சது பாருங்க, கண்ணுல தண்ணி வந்துடுச்சு. இந்த வில்லு நம்ம ஆள் உயரத்துக்கு மேல இருக்கு, நடுவுல அம்பு வைக்க தனி இடம் கிடையாது, கைவிரல் மேலயே அம்பு உக்காருது, விடறப்ப இறகு தோலை உரசிட்டு போகுது. குறி பாக்க வில்லுல ஊசி மாதிரி எதுவும் இல்ல. அம்பு நுனியை எங்க வெச்சா எங்க போய் விழுதுன்னு நீங்களே ஒரு கணக்கு மனசுல போட்டுக்கணும், தூரம் மாறினா கணக்கும் மாறும்.

பாட்டிம்மா ஒரு வேலை பண்ணாங்க. பாட்டில்ல இருந்து கொஞ்சம் தண்ணியை ஒரு அம்போட இறகு மேல ஊத்தி இப்போ விடுன்னாங்க. இறகு நனைஞ்ச கோழி மாதிரி ஒட்டிப் போச்சு. அதே இழுப்பு அதே கை, ஆனா அம்பு வாலை ஆட்டிக்கிட்டே போயி டார்கெட்டுக்கு முன்னாடியே புல்லுல குத்தி நின்னுடுச்சு. மழை வந்தா இது தான், இறகு கனத்துப் போகும், நாண் ஈரமாகும், கையுறை வழுக்கும், ஒவ்வொரு தடவையும் கணக்கை மாத்திக்கிட்டே இருக்கணும்னாங்க. நேத்து நின்ன இடம் ஞாபகம் வந்துச்சு.

மார்க் போடறது இப்ப மாதிரி பத்து ஒன்பதுன்னு கிடையாது. நடுவுல இருக்கற மஞ்சளுக்குப் பேரு கோல்டு, அது 9, சிவப்பு 7, நீலம் 5, கறுப்பு 3, வெள்ளை 1. நான் 20 கெஜத்துல 12 அம்பு விட்டு 26 வாங்கினேன். க்வீனி அம்மா விட்டது நேஷனல் ரவுண்டு, ஒரு நாளைக்கு 60 கெஜத்துல 48 அம்பு, 50 கெஜத்துல 24, அதையே ரெண்டு நாள், ஆக 144 அம்பு. எல்லாமே மஞ்சள்ல விழுந்தா 1296, அந்தம்மா 688. ஏதோ பாதிக்கு மேலன்னு தோணும், ஒரு லாங்போவைக் கையில பிடிச்சுப் பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க.

ராத்திரி தம்பி பொண்டாட்டி கைக்கு மஞ்சள் பத்து போட்டு விட்டா. முட்டை சைஸுக்கு நீலமா வீங்கியிருக்கு. நீலம்னா 5 பாயின்ட்டுன்னு சொல்லி பாப்பா சிரிக்கறா.

மூணாம் நாள் – செல்ட்டன்ஹாம்

பேடிங்டன்ல ட்ரெயின், ரெண்டு மணி நேரம். ஸ்விண்டன் தாண்டினதும் பச்சைன்னா அப்படி ஒரு பச்சை, ஆடுங்க எல்லாம் உப்பு கொட்டி வெச்ச மாதிரி. தம்பி பொண்டாட்டி கட்டிக் குடுத்த புளிசோறை ட்ரெயின்ல பிரிச்சோம், எதிர் சீட்டுக்காரர் மூக்கைச் சுளிக்கல, எட்டி எட்டிப் பாத்தார். ஒரு கரண்டி குடுக்கலாமான்னு நினைச்சேன், பாப்பா கையைப் பிடிச்சுட்டா.

செல்ட்டன்ஹாம் பழைய பணக்கார ஊரு, வெள்ளை வெள்ளையா வரிசை வீடுங்க, இரும்புக் கம்பி பால்கனி, ஊத்துத் தண்ணி குடிச்சா உடம்பு சரியாகும்னு ஒரு காலத்துல கூட்டம் கூட்டமா வருவாங்களாம். பிட்வில் பம்ப் ரூம்னு தூணெல்லாம் வெச்சு கோயில் மாதிரி ஒரு கட்டடம் இருக்கு, 1830-ல திறந்தது, அது முன்னாடி புல்தரையில உக்காந்தோம்.

இங்க செல்ட்டன்ஹாம் ஆர்ச்சர்ஸ்னு ஒரு கிளப், க்வீனி நியூவால் அதுல 1905-ல சேர்ந்தாங்க. அம்பது வயசுல. ஆனா இந்த ஊருக்கு நான் வந்தது இன்னொரு அம்மாவுக்காகவும் தான். ஆலிஸ் லீ. எழுத்துக்கூட்டிப் படிச்சா லெக்னு வரும், சொல்றது லீன்னு தான்.

இவங்க கதையைக் கேளுங்க. கிராண்ட் நேஷனல் பட்டம் 23 தடவை. முதல் பட்டம் 1881, கடைசி 1922, நடுவுல 41 வருஷம். 1881-ல ஜெயிச்சுட்டு அடுத்த நாலு வருஷம் விட்டுட்டாங்க, யாருகிட்டன்னா அவங்க அம்மாகிட்டயே. அம்மா சாம்பியன், மக ரெண்டாவது, அந்த வீட்டுல ராத்திரி சாப்பாட்டு மேசையில என்ன பேசியிருப்பாங்கன்னு நினைச்சாலே சிரிப்பு வருது. அப்புறம் 1886-ல இருந்து 1892 வரை தொடர்ந்து ஏழு. 1902-ல இருந்து 1909 வரை தொடர்ந்து எட்டு. கடைசிப் பட்டம் வாங்கறப்ப 66 வயசுக்கு மேல.

சரி, 1908-ல இவங்க எங்கன்னு கேப்பீங்க. வரல. ஒலிம்பிக் முடிஞ்ச அடுத்த வாரம் கிராண்ட் நேஷனல் இருந்துச்சு, அதுக்குத் தயாராகணும்னு ஒலிம்பிக்கை விட்டுட்டாங்க. அந்த அடுத்த வாரம் க்வீனியும் அங்க போனாங்க, ஒலிம்பிக் தங்கம் வாங்கின சூடு கூட ஆறல, ஆலிஸ் லீ அவங்களை 151 பாயின்ட் வித்தியாசத்துல தோக்கடிச்சாங்க. 151!

பாப்பா சொன்னா, "அப்போ உங்க ஆளு லக்குல ஜெயிச்சாங்க அத்தை."

எனக்கு சுருக்குனு ஆயிடுச்சு. என் ஷோகேஸ் வெண்கலம் ஞாபகம் வந்துடுச்சுன்னு வெச்சுக்கங்களேன். வராதவங்களை எப்படி கண்ணு ஜெயிக்கறதுன்னு கேட்டேன். அவ விடல, பெஸ்ட் ஆளு வராத போட்டியில தங்கம்னா அது அரைத் தங்கம் தானேங்கறா. இப்பத்த கண்ணாடியைப் போட்டுக்கிட்டு பாத்தா அப்படித்தான் தெரியும். அன்னைக்கு ஆலிஸ் லீக்கு ஒலிம்பிக்குங்கறது எக்ஸிபிஷன் கூட சேத்து நடத்தற ஏதோ ஒரு புதுத் திருவிழா, கிராண்ட் நேஷனல் தான் பரம்பரைப் போட்டி, அவங்க அம்மா ஜெயிச்ச போட்டி. நம்ம ஊர்ல சொந்த ஊர் நோம்பியை விட்டுட்டு வெளியூர் பொருட்காட்சிக்கு யார் போவாங்க. அவங்க தேர்ந்தெடுத்தது அவங்களைப் பொறுத்த வரைக்கும் சரி தான். க்வீனி அம்மா ரெண்டுக்கும் போனாங்க, ஒண்ணுல ஜெயிச்சாங்க ஒண்ணுல நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டாங்க, அப்புறமும் வில்லைக் கீழ வைக்கல, 1911-லயும் 1912-லயும் அதே கிராண்ட் நேஷனல் பட்டத்தை வாங்கிக் காட்டினாங்க. கடைசியா போட்டியில கலந்துக்கிட்டது 1928, அதுக்கு அடுத்த வருஷம் பிரிஸ்டல் கிளிஃப்டன்ல செத்துப் போனாங்க, 74 வயசு.

ஆனா ஒண்ணு, வெளிப்படையா சொல்லிடறேன், இத்தனை பேசினாலும் திரும்பி வர்றப்ப ட்ரெயின்ல என் மனசு முழுக்க ஆலிஸ் லீ தான். 23. தேடிப் போனது ஒருத்தரை, கூட வந்தது இன்னொருத்தர்.

நாலாம் நாள் – மான்செஸ்டர்

இன்னைக்கு பெருசா ஒண்ணும் எழுத இல்ல, பாதி நாள் ட்ரெயின்லயே போச்சு. கோயமுத்தூர்க்காரி மான்செஸ்டருக்கு வந்துட்டேன், சின்ன வயசுல இருந்து தென்னிந்தியாவின் மான்செஸ்டர்னு கேட்டுக் கேட்டு வளந்தவ, ஒரிஜினலைப் பாக்கறப்ப ஒரு மாதிரி இருந்துச்சு. பழைய மில்லெல்லாம் செங்கல் செங்கலா நிக்குது, உள்ள இப்போ அபார்ட்மென்ட். நம்ம ஊர்லயும் இதே கதை தானே.

நெல்சன் ஸ்ட்ரீட்ல எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட் குடியிருந்த வீடு இருக்கு, பொம்பளைங்களுக்கு ஓட்டு வேணும்னு 1903-ல சங்கம் ஆரம்பிச்ச இடம். இன்னைக்கு மூடியிருந்துச்சு, வெளிய நின்னு போட்டோ எடுத்துக்கிட்டு வந்தோம். 1908 ஜூன் 21 ஹைட் பார்க்ல இவங்க கூட்டிய கூட்டத்துக்கு லட்சக்கணக்குல ஜனம், அது முடிஞ்சு ஒரு மாசம் கூட ஆகல, அதே லண்டன்ல 25 பொம்பளைங்க ராஜ மரியாதையோட ஸ்டேடியத்துல அம்பு விடறாங்க. தங்க மெடல் வாங்கலாம், ஓட்டு போட முடியாது. க்வீனி அம்மா ஓட்டு போடற உரிமை வர்றதுக்கு இன்னும் பத்து வருஷம், 1918.

ஹோட்டல் ரூம் ஜன்னல் மூடவே மாட்டேங்குது, போர்வையைச் சுத்திட்டு டைப் பண்றேன். கை வீக்கம் இப்போ பச்சையா மாறியிருக்கு.

அஞ்சாம் நாள் – லிட்டில்பரோ

விக்டோரியா ஸ்டேஷன்ல இருந்து ராச்டேல் வழியா அரை மணி நேரம் கூட இல்ல, லிட்டில்பரோ. சின்ன ஊரு. கல்லு வீடு, பின்னாடி மொட்டையா மலை, மேல மேகம் உக்காந்திருக்கு. ஸ்டேஷனை விட்டு வெளிய வந்தா கால்வாய், டீக்கடை, சர்ச்சு, அவ்வளவு தான். ஸ்டேஷன்ல இருந்து நடக்கற தூரத்துலயே ஹேர் ஹில்.

1854 அக்டோபர் 17-ஆம் தேதி க்வீனி பொறந்தது இந்த ஹேர் ஹில் வீட்டுல. நல்ல வசதியான வியாபாரக் குடும்பம், அம்மா வழியில ஃபென்டன் குடும்பம், அதான் பேருக்கு நடுவுல ஃபென்டன். வீட்டுக்கு மூத்த பொண்ணு, பின்னாடி தம்பி தங்கச்சிங்க வரிசையா. கடைசி வரைக்கும் கல்யாணம் பண்ணிக்கல. எங்க பெரியம்மா மக ஒருத்தி இருக்கா இப்படி, வீட்டுக்கு மூத்தவ, எல்லாரையும் கரை சேத்துட்டு தனக்குன்னு ஒண்ணு ஆரம்பிக்கறப்ப அம்பது ஆயிடுச்சு. க்வீனி அம்மாவும் அப்படித்தான்னு நான் சொல்ல வரல, அந்த வீட்டைப் பாத்ததும் எங்க அக்கா ஞாபகம் வந்துச்சு, அவ்வளவு தான்.

வீடு அப்புறம் கவுன்சில் கைக்குப் போச்சு, ஆபீஸ், லைப்ரரின்னு இருந்திருக்கு, தோட்டம் ஊர் ஜனங்களுக்குப் பார்க் ஆயிடுச்சு. நாங்க போனப்ப பசங்க பால் உதைச்சுட்டு இருந்தாங்க, ஒருத்தர் நாயைக் கூட்டிட்டு மூணாவது ரவுண்டு சுத்திட்டு இருந்தார். மழை நின்னு புல்லெல்லாம் ஈரம்.

பாப்பாவுக்கு ஒரு வேலை குடுத்தேன். நான் இங்க நிக்கறேன், நீ 60 கெஜம் தள்ளிப் போய் நில்லுன்னேன். 60 கெஜம்னா கிட்டத்தட்ட 55 மீட்டர், துணிக்கடையில கெஜக்கோல் பாத்து வளந்த எனக்குக் கெஜம் தெரியும், அவளுக்கு மீட்டர் தான் வரும். போன்ல ஒரு ஆப் வெச்சு அளந்துக்கிட்டே போனா. போறா போறா போயிட்டே இருக்கா. அவ நிக்கறதுக்குள்ள நாய்க்காரர் ஒரு தடவை தாண்டிப் போயிட்டார்.

கூடவே நான் ஒரு கணக்கு போட்டேன். மூணு மூணு அம்பா விட்டுட்டு டார்கெட் வரைக்கும் நடந்து போய் மார்க் பாத்து அம்பைப் பிடுங்கணும். 144 அம்புன்னா 48 தடவை. 60 கெஜத்துல 32 தடவை, 50 கெஜத்துல 16 தடவை, கூட்டினா 2720 கெஜம், ரெண்டரை கிலோமீட்டர் வருது, அதுவும் போற வழி மட்டும். ஈரப் புல்லுல, தரை கூட்டற பாவாடையில, 53 வயசு முழங்காலை வெச்சுக்கிட்டு. வில்லு இழுக்கறதைப் பத்தி எல்லாரும் எழுதறாங்க, இந்த நடையைப் பத்தி யாரும் எழுதல.

பாப்பா அந்தக் கோடியில நின்னு குடையை விரிச்சுத் தன் முன்னாடி பிடிச்சுக்கிட்டா. டார்கெட் நாலடி அகலம், குடை அதை விடக் கொஞ்சம் சின்னது. நான் ஒண்ணுமில்லாத கையால வில்லு இழுக்கற மாதிரி நின்னு பாத்தேன். குடை ஒரு பொட்டு மாதிரி தெரியுது. அதுக்கு நடுவுல ஒரு மஞ்சள் வட்டம் இருந்தா அதை என் மூக்குக் கண்ணாடியோட கண்டுபிடிக்கவே முடியாது. பசங்க பாலை நிறுத்திட்டு எங்க ரெண்டு பேரையும் வேடிக்கை பாக்கறாங்க.

"அத்தை, நான் தெரியறனா?"ன்னு அங்கிருந்து கத்தறா.

"குடை தெரியுது, நீ தெரியல."

"விட்டாச்சா?"

"விட்டாச்சு. அங்கயே இரு, நடந்து வர்றேன்."

எண்ணிக்கிட்டே நடந்தேன், 79 காலடி. ஷூ முழுக்க தண்ணி. போய்ச் சேந்ததும் குடையைத் திருப்பிக் காட்டி "எவ்வளவு போடட்டும்?"னு கேட்டா. நீலம் போடு, அஞ்சுன்னேன். திரும்பி நடக்கறதுக்குள்ள மறுபடி மழை பிடிச்சுக்கிச்சு, நாலு மணி ட்ரெயினுக்கு ஓடினோம்.